மூக்குப் பாரம்

எஞ்சின் இல்லாத விமானம் என்று சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நம்புவதில்லை. எஞ்சின் இல்லாவிட்டால் விழுந்துவிடுமே என்கிறார்கள். விழத்தான் செய்கிறது, அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காற்று சரியாக அடித்தால் விழாது. மலைச் சரிவில் வந்து மோதுகிற காற்றுக்குப் போக வேறு வழி இல்லை, மேலேதான் ஏற வேண்டும். ஏறுகிற அந்தக் காற்றில் விமானத்தை விட்டுவிட்டு, ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு முகட்டில் நின்றால், பருந்து மாதிரி அது சரிவுக்கு முன்னால் போய்ப் போய் வரும். கை வலித்து நாமாக இறக்கினால்தான் உண்டு.

இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்குப் போனவன் நான். அங்கே போன் திருத்தப் பழகினேன். இப்போது டிக்கோயாவில் சொந்தமாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை, ஒரு ஸ்டூல். மழை பெய்கிற நாளில் ஆள் வராது. அப்படிப்பட்ட நாட்களில் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இந்தக் கிறுக்கு பிடித்தது.

கிறுக்குப் பிடித்த இன்னொருவர் பக்கத்து ஹார்ட்வெயார் கடை முதலாளி. முஸ்லிம் ஆள், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ரிமோட்டும் ரிசீவரும் அவர் மச்சினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. இறக்கை நான் செய்தது, மீன்பெட்டி ரெஜிபோமை, அந்த வெள்ளை நுரை அட்டையை, வெட்டி, தேய்த்து, டேப் ஒட்டி. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக அவர் கடையைப் பூட்டுவார். தொழுகை முடிந்ததும் திறக்காமல் என்னோடு மலைக்கு வந்துவிடுவார். அதனால் நாங்கள் பறக்க விடுவது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில். நான் குடியிருக்கும் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில். அந்த ஒரு மலைதான் மேற்கே பார்த்து நிற்கிறது, உச்சியில் சவுக்கு மரம் இல்லை, கரண்ட் கம்பி இல்லை, இறக்குவதற்குக் கொஞ்சம் புல்தரையும் இருக்கிறது.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று, எதைச் சொன்னாலும் "ஒன்னும் ஆகாது மச்சான்" என்பது. இடது பக்கப் பாறையில் குளவிக்கூடு மூன்று தொங்குகிறது, இறக்கை அதில் இடித்தால் கீழே கொழுந்து எடுக்கிற பொம்பளைகளின் கதி என்ன என்று கேட்பேன். ஒன்னும் ஆகாது மச்சான். போலீஸ் இதை ட்ரோன் என்று நினைத்துப் பிடித்துப் போனால்? ஒன்னும் ஆகாது மச்சான். ரிசீவர் பேட்டரி நடுவானில் தீர்ந்தால், பனி இறங்கி விமானம் கண்ணுக்குத் தெரியாமல் போனால், யார் தலையிலாவது குத்தினால்? எல்லாவற்றுக்கும் அதே பதில். நான் ராத்திரி படுத்து யோசித்து வைத்த கவலைகளை அவர் ஒரே வார்த்தையில் துடைத்துப் போட்டுவிடுவார். துடைத்ததற்குப் பிறகும் அவை எனக்கு அப்படியே இருக்கும்.

இத்தனையையும் பற்றிக் கவலைப்பட்ட நான், கவலைப்பட வேண்டிய ஒன்றைப் பற்றி மட்டும் ஒருநாளும் கவலைப்படவில்லை.

என் மனைவி அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். ஆறு வருஷமாக ஒரே கூட்டத்தில். கூட்டம் என்றால் ஒரு மலையில் நிரை பிடித்துச் சேர்ந்து வேலை செய்கிற பெண்கள். ஆளுக்கு ஒரு நிரை, பக்கத்து நிரையில் யார் என்பது பக்கத்து வீட்டில் யார் என்பதைவிட முக்கியம். அவளுக்குப் பக்கத்து நிரை எப்போதும் ஒரு அக்கா. வாய் அதிகம், கையும் வேகம். ஒருவர் மூட்டையை ஒருவர் தலைக்குத் தூக்கிவிடுவார்கள், தேத்தண்ணி ஒரே போத்தலில் குடிப்பார்கள்.

போன ஆடி மாதத்துக்கு முன்னால் தோட்டத்தை அளக்க என்று கம்பெனி ஆட்கள் உண்மையான ட்ரோன் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் பறக்கவிட்டுப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில், வெற்றிலை போட என்று உட்கார்ந்து நேரம் போக்கிய ஏழெட்டுப் பேருக்கு அரைப் பேர் விழுந்தது. அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். யார் பார்த்தது, யார் சொன்னது என்று, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பேச்சு கிளம்பியது. மேலே இருந்து பார்க்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். மேலே அப்போது இருந்தது எது? ட்ரோன் போய் ஒரு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஏழாம் நம்பர் மலைக்கு மேலே சத்தமே இல்லாமல் வட்டமடிப்பது என்னுடையது.

என் மனைவி இதை என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னா கழுத்துக்கு?"

"மூட்டையத் தூக்குனது."

"தூக்கிவிட ஆள் இல்லையா?"

"இருந்தாங்க."

"அப்பறம்?"

"இருந்தாங்கன்னுதான் சொன்னேன்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. யாரும் அவளோடு பேசுவதில்லை. அக்கா நிரையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இவள் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் போத்தலை மூடிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். புருஷன் தோட்டத்துத் துரைக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கிறான், அதனால்தான் இவளுக்கு ஒரு நாளும் அரைப் பேர் விழுவதில்லை என்கிறார்கள். அவளுக்கு அரைப் பேர் விழாததற்குக் காரணம் அவள் வெற்றிலை போடுவதில்லை என்பது. அதை யாரிடம் போய்ச் சொல்வது.

"அதுல கேமராவே இல்லையே" என்றேன்.

"எனக்குத் தெரியுது. எங்கிட்ட சொல்லி என்னா செய்ய?"

"அப்ப விடுறதயே நிப்பாட்டிடுறேன்."

"நிப்பாட்டுனா, மாட்டிக்கிட்டான், அதான் நிப்பாட்டிட்டான்னு சொல்லுவாங்க."

"அப்ப விடவா?"

"விட்டா இன்னும் எடுக்குறான்னு சொல்லுவாங்க." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு நா முழுக்க வாயத் தொறக்காம கொழுந்து எடுத்துப் பாருங்க. மலையில காத்துச் சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

விட்டாலும் குற்றம், விடாவிட்டாலும் குற்றம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஒரு மீன்பெட்டி. மீன்பெட்டியை வெட்டி ஒட்டியது. அது கோழியைக்கூட வேவு பார்க்காது. ஹார்ட்வெயார் முதலாளியிடம் போய்ப் புலம்பினேன்.

"தொறந்து காட்டுங்க மச்சான். எல்லாருக்கும் முன்னுக்கு வெட்டிக் காட்டுங்க. கேமரா இல்லாட்டி பேச்சு முடிஞ்சிச்சு தானே."

"பழுதாப் போயிருமே."

"ஒட்டிக்கலாம். ஒன்னும் ஆகாது."

ஒரு கிழமை, ஏழு நாளும் யோசித்தேன். யோசித்த அந்தக் கிழமையில் அவள் கழுத்து வலி தோளுக்கு இறங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை, பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரத்தில், விமானத்தைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். மடுவம் என்பது மலையடியில் தகரம் போட்ட கொட்டகை, நிறுவைத் தராசு தொங்கும் இடம். அந்த நேரத்தில் கூட்டம் முழுக்க அங்கே இருக்கும். தோட்டத் தலைவரையும் வரச் சொல்லியிருந்தேன். சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் அவர்தான் தலைவர், எந்தப் பஞ்சாயத்தும் அவர் இல்லாமல் தொடங்காது. முதலாளியும் கூட வந்தார். என் மனைவி வரிசையில் கடைசியில், மூட்டையைத் தலையிலிருந்து இறக்காமல் நின்றாள். இறக்கினால் திரும்பத் தூக்க வேண்டும்.

இறக்கையைக் கழற்றினேன். உடம்பின் மேல்மூடியை எடுத்தேன்.

"பாருங்க தலைவரே. இது பேட்டரி. இது ரிசீவர், ரிமோட்ல இருந்து வர்றதப் புடிக்கிறது. இது ரெண்டும் சின்ன மோட்டரு."

"மோட்டரே இல்லேன்னு சொன்னியே தம்பி."

"பறக்குறதுக்கு மோட்டரு இல்ல. இது ரெக்கை ஓரத்த ஆட்டுறதுக்கு."

"அப்ப மோட்டரு இருக்கு."

"இருக்கு."

ஒரு பொய்யைப் பிடித்துவிட்ட மாதிரிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு விமானத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன். கீழே ஓட்டை இல்லை, கண்ணாடி இல்லை, எதுவும் இல்லை.

"மூக்கத் தொறக்கல" என்றாள் அந்த அக்கா.

"மூக்குல ஒன்னும் இல்லக்கா. பாரம் மட்டுந்தான். மூக்குப் பக்கம் பாரம் இல்லாட்டி வால் தாழ்ந்து விழுந்துரும். அதுக்கு வச்சது."

"என்னா பாரம்?" என்றார் தலைவர்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இதை எப்படிச் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை, ஆனால் அந்த நிமிஷம்வரை அது என் நினைவிலேயே இல்லை. விமானம் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மற்றவர்கள் மூக்குக்கு ஈயம் வைப்பார்கள். என் கடையில் ஈயம் இல்லை. செத்த போன்தான் இருந்தது, ஒரு பெட்டி நிறைய. இரண்டு விரலில் இறக்கையைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு போனாக மூக்கில் வைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்று இம்மி பிசகாமல் சரியாக இருந்தது. அதை வைத்து, ரெஜிபோமால் மூடி, ஒட்டி, தேய்த்து, டேப் சுற்றிவிட்டேன்.

"வேணாம் தலைவரே, மூக்கு போனா திரும்ப செய்யேலாது" என்றேன். என் குரல் எனக்கே கள்ளன் குரலாகக் கேட்டது.

"ஒன்னும் ஆகாது மச்சான், வெட்டுங்க" என்றார் முதலாளி. அவருக்குத் தெரியாது. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அவரை மலையிலிருந்து உருட்டிவிடலாம் போல் இருந்தது.

தலைவர் பிளேடை வாங்கி அவரே வெட்டினார். ரெஜிபோம் கிறீச்சென்று கத்தியது. உள்ளேயிருந்து கறுப்பாகப் போன் வந்தது. மூலையில் வட்டமாக, பளபளவென்று, கேமரா.

தராசில் கொழுந்து போட்டவள் போட்ட கையோடு நின்றாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இவ்வளவு பெரிய மடையனா என்ற ஆச்சரியம்தான் இருந்தது. மூட்டை இன்னும் தலையில்.

"கேமரா இல்லேன்ன" என்றார் தலைவர்.

"செத்த போன் அது. எடைக்கு வச்சது."

"எடைக்கு இந்தத் தோட்டத்துல கல்லு இல்லையா?"

தோட்டமே கல்தான்.

"போர்டு போயிருச்சு தலைவரே. வேல செய்யாது."

"வேல செய்யுதா இல்லையான்னு ஒனக்குத்தான் தெரியும். ஒன் தொழிலே அதுதான. செத்தத உசிராக்குறவன் நீதான்."

ஊரில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் தப்பித்திருப்பான். போன் திருத்துகிறவன் சொன்னால் எடுபடாது. ஒன்பது வருஷத் தொழில், அதுவே எனக்கு எதிராக வந்து நின்றது. பேட்டரி உப்பியிருப்பதைக் காட்டினேன். கார்ட் இல்லை என்று காட்டினேன். "கார்ட கழட்டிட்டுத்தான் வந்திருப்பாரு" என்று ஒரு குரல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, எரிச்சலில்.

அக்கா முன்னால் வந்து போனைத் தலைவர் கையிலிருந்து பிடுங்கினாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு.

"இது என் போனு" என்றாள்.

நான் கழுத்தை நீட்டி அந்தப் பொட்டைப் பார்த்தேன்.

"துணி தொவைக்கையில பீலித் தொட்டித் தண்ணியில விழுந்துச்சே, இந்தத் தம்பிகிட்ட குடுத்தனே, அந்தப் போனு. போர்டு போயிருச்சுக்கா, தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னியேடா தம்பி."

"போடத்தான் இருந்தேன்க்கா."

"மூக்குலயா போட்ட?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா போனைக் காதில் வைத்துப் பார்த்தாள், குலுக்கினாள், தலைவர் பக்கம் திரும்பினாள்.

"தலைவரே, இது செத்த போனு. நாந்தான் சாகடிச்சேன். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணியில கெடந்துச்சு. அரிசிக்குள்ள வச்சா சரியாகும்னு சொன்னாங்க, மூணு நா அரிசிப் பானையில வச்சேன். போனும் சரியாகல, சோத்துலயும் ஒரு மாதிரி வாடை. இது முழிச்சுப் பாத்து எனக்கு அரைப் பேர் போட வச்சதுன்னா, மொதல்ல கொழும்புல இருக்குற என் மகளுக்கு ஒரு கோல் எடுத்துக் குடுத்திருக்கணும். ரெண்டு வருஷமா அவ ஒரு கோல் எடுக்கல."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பஞ்சாயத்து கையை விட்டுப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"அப்ப யாரு பாத்துச் சொன்னது?"

தராசுக்குப் பக்கத்தில், பேர் போடுகிற புத்தகத்தோடு நின்ற கணக்கப்பிள்ளை, தலையைத் தூக்காமலே பேசினார்.

"நாந்தான். ரோட்டு வளைவுல நின்னேன். அங்கேருந்து பாத்தா நல்லாத் தெரியும், எல்லாரும் உக்காந்திருந்தீங்க."

"நீங்களா? இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"யாரும் எங்கிட்ட கேக்கலையே."

மூன்று கிழமை. மூன்று கிழமை என் மனைவி ஒரு மனுஷக் குரல் கேட்காமல் கொழுந்து எடுத்திருக்கிறாள். இந்த மனிதர் தினமும் இரண்டு வேளை அவள் மூட்டையை நிறுத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருக்கிறார். கேட்கவில்லையாம். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஓர் அடி வைத்தேன். அதற்குள் அக்கா வரிசையின் கடைசிக்குப் போய்விட்டாள்.

"எறக்கு பிள்ள. எவ்வளவு நேரந்தான் செமப்ப" என்று மூட்டைக்கு ஒரு கை கொடுத்தாள்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. என் மனைவியும் எதிர்பார்க்கவில்லை. இறக்கிவிட்டுக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை அக்கா பழைய நிரைக்கு வந்துவிட்டாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி. அக்கா போனைக் கையோடு கொண்டுபோய்விட்டாள், அது அவளுடையது. நான் மூக்கை ஒட்டிவிட்டுக் கல்லைத் தேடினேன். தோட்டமே கல் என்றேன் அல்லவா, ஒரு கல்லாவது சரியாக இருக்க வேண்டுமே. ஒன்றுக்கு மூக்கு தாழ்ந்தது, ஒன்றுக்கு வால் தாழ்ந்தது. உடைத்து வைத்தால் உள்ளே உருண்டது. அந்த ஆடிக் காற்று முழுக்க இப்படி வீணாகப் போனது. ஒரு முறை தேயிலைக்குள் குத்தி இறக்கை இரண்டாகப் பிளந்தது. தலைவர் வேறு, ஒரு நாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். கோயில் திருவிழா வருகிறது, தேர் போவதை மேலேயிருந்து வீடியோ எடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

"அதுல கேமரா இல்லையே தலைவரே."

"போட்டுக்க வேண்டியதுதான. ஒனக்குத் தெரியாததா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் என் மனைவி மலையில் சொல்லியிருப்பாள் போல. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அக்கா எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் முடிந்துவைத்திருந்த போனை எடுத்து மேசையில் வைத்தாள். கேமரா மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது.

"வீட்டுல கெடந்து என்னா செய்யப் போகுது. வச்சுப் பறக்க விடு. ஆனா இந்தப் பிளாஸ்டரு எடுக்கப்படாது."

"அக்கா, அது செத்த போனுன்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன். செத்ததுதான்."

"மூக்குக்குள்ள வச்சு மூடுறேன். உள்ள இருட்டு. உசிரோட இருந்தாக்கூட அதுக்குத் தெரியாது."

"தெரியாதுதான். ஒட்டியிருக்கட்டும். நாலு பேரு கேட்டா நான் பதில் சொல்லணும்ல."

மூக்கில் இப்போது ஒரு சின்ன மூடி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மலை ஏறுவதற்கு முன்னால் மூடியைத் திறந்துகொண்டு ஏழாம் நம்பர் மலையின் அடியில் நிற்க வேண்டும். அக்கா நிரையிலிருந்து எட்டிப் பார்த்து, பிளாஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை அசைப்பாள். அதற்குள் நல்ல காற்று பாதி போய்விடும். மழை நனைத்துப் பிளாஸ்டர் உரிந்துபோனால் புதிதாக ஒட்டவேண்டும். ஒரு வியாழக்கிழமை ராத்திரி வீட்டில் பிளாஸ்டர் இல்லை. இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு ஒரு முடிவு வேண்டாமா, ஒரு நாள் இல்லாமல் போனால்தான் என்ன என்று என் மனைவியிடம் சத்தம் போட்டேன்.

அவள் தன் விரலில் சுற்றியிருந்ததை உரித்தாள். கொழுந்து எடுத்து வெடித்த விரல்.

"எல்லாம் எனக்கும் தெரியும். ஒட்டுங்க" என்றாள். "எனக்கு நாளைக்கு மூட்டை தூக்கிவிட ஆள் வேணும்."

ஒட்டினேன். அது கொஞ்சம் பெரிய பிளாஸ்டர், துணி தடிப்பு. மறுநாள் முகட்டில் ஏறி இரண்டு விரலில் இறக்கையைத் தாங்கிப் பார்த்தபோது மூக்கு ஒரு மயிரிழை தாழ்ந்தது. பிளாஸ்டர் பாரத்துக்கு மூக்கு தாழ்கிறது, இப்படி விட்டால் பாறைப் பக்கம் இழுக்கும், குளவிக்கூடு இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன்.

அவர் என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை. சொல்லிவிட்டு என் கையிலிருந்து வாங்கி, காற்றுக்கு எதிரே வீசிவிட்டார்.